தொண்ணூறு வயசு மட்டும் இருந்தால்தான் விருதா?

2025 மே 24ஆம் திகதி மாலினி பொன்சேகா 78 வயதில் காலமானார். கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் முழு அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. இரண்டு மாதம் ஆகவில்லை, ஜூலை 14ஆம் திகதி பெங்களூரில் பி. சரோஜாதேவி 87 வயதில் காலமானார். அங்கேயும் அரச மரியாதைதான். அந்த ரெண்டு கிழமையும் எங்கட பேஸ்புக் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ‘கண்ணீர் அஞ்சலி’, ‘ஒரு சகாப்தம் முடிந்தது’, ‘இனி இப்படி ஒருவர் பிறக்கப் போவதில்லை’. நாங்களும்தான் பகிர்ந்தோம். எங்கட அம்மம்மாமாருக்குச் சரோஜாதேவி எண்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. மாலினியைக்கூட அவையளுக்குத் தெரியும், 1978இல் சிவாஜியோடு ‘பைலட் பிரேம்நாத்’ படத்தில் நடித்தவர் எண்டு.

செத்த வீட்டில் மரியாதை செய்வதில் எங்கட சனத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பறை, பாண்ட், மாலை, இரங்கலுரை எல்லாம் கச்சிதமாக நடக்கும். அந்த மரியாதை உயிரோடு இருக்கும்போது எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது, யாருக்கு வராமலே போகிறது என்பதுதான் எங்கட கேள்வி. அதிலும் நடிகைகள் விசயத்தில் இந்தக் கணக்கு எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஹொலிவூட்டில் தொடங்கி மன்னார் வரைக்கும் ஒரே கணக்குத்தான் ஓடுது என்பது எங்கட வாதம். அதனால முதலில் கொஞ்சம் தூரத்தில் இருந்து வருவம்.

ஹொலிவூட்டின் பழைய நடிகைகளில் கனபேர் நல்ல நீண்ட ஆயுள்காரர். 1939இல் வந்த ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் நடித்த ஒலிவியா டி ஹவிலண்ட் 2020இல் 104 வயதில் மறைந்தார். பிரித்தானிய அரசு அவருக்கு ‘டேம்’ பட்டம் கொடுத்தது 2017இல், 101ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் இருக்கும்போது. ஏஞ்சலா லான்ஸ்பரி 1944இல், பதின்ம வயதில், தன் முதல் படத்துக்கே ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். மூன்று தரம் பரிந்துரை வந்தது, ஒரு தரமும் கிடைக்கவில்லை. கௌரவ ஒஸ்கார் 2013இல் கிடைத்தபோது அவருக்கு 88 வயது. ஹிட்ச்கொக்கின் ‘வெர்ட்டிகோ’ 1958இல் வந்தது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தின் மிகச் சிறந்த படம் எண்டு அது முதலிடத்துக்கு வந்தது. அந்தப் படத்தின் கதாநாயகி கிம் நொவாக் ஒரு தரம்கூட ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. வெனிஸ் திரைப்பட விழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தைக் கொடுத்தது 2025இல். படம் வந்து 67 வருசம், அவருக்கு வயது 92.

இதை வாசிக்கிற ஒருவர், ‘பிந்தினாலும் கிடைத்ததுதானே’ எண்டு சொல்லலாம். சொல்லுங்கோ. ஆனால் இந்த ஆண்டுகளை ஒருக்கா விரலில் எண்ணிப் பாருங்கோ. இருபது, இருபத்தைந்து வயதில் புகழ். எண்பத்தைந்து, தொண்ணூறில் விருது. நடுவில் கிடக்கிற அறுபது வருசத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? கிம் நொவாக் அறுபதுகளின் நடுவிலேயே ஹொலிவூட்டை விட்டு விலகிப் போனவர். விலகிப் போனவரைத் தொண்ணூறு தாண்டின பிறகு கூப்பிட்டு மேடையில் ஏற்றி எல்லாரும் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலில் உண்மையான அன்பு இருக்குது, நாங்கள் மறுக்கவில்லை. அதோட சேர்த்து ‘நீ இன்னும் உயிரோடு இருக்கிறாயே’ என்ற ஆச்சரியமும் இருக்குது. விருதில் பாதி நடிப்புக்கு, பாதி உயிர் பிழைத்ததுக்கு.

ஏன் நடுவில் இந்த இடைவெளி விழுகிறது? காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஆணுக்கு ஐம்பது வயதில் கதாநாயகன் வேடம், பெண்ணுக்கு முப்பத்தைந்தில் அம்மா வேடம். ஏஞ்சலா லான்ஸ்பரி 1962இல் ‘த மன்சூரியன் கண்டிடேட்’ படத்தில் லோரன்ஸ் ஹார்விக்குத் தாயாக நடித்தார். மகனாக நடித்தவரைவிட அவருக்கு மூன்றே வயதுதான் கூட.

எங்கட பக்கம் வந்தால் இது இன்னும் மோசம். பண்டரிபாயை எடுங்கோ. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடி. 1969இல் ‘தெய்வமகன்’ படத்தில் சிவாஜிக்கு மூன்று வேடம், தகப்பனும் இரண்டு மகன்மாரும். பண்டரிபாய் அதில் தகப்பன் சிவாஜிக்கு மனைவி, மகன் சிவாஜிமாருக்குத் தாய். அதுக்கு முதல் வருசம் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குத் தாயாக நடித்தார். அப்போது எம்.ஜி.ஆருக்கு 51 வயது. தாயாக நடித்தவர் மகனைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். இதைச் சொன்னால் வீட்டில் எல்லாரும் சிரிக்கினம். சிரிப்பான விசயம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தொழில், வருமானம், வாழ்க்கை. நாற்பது வயதுக்குள்ளேயே ‘வயசு போனவள்’ எண்டு எழுதி வைத்தால், அதுக்குப் பிறகு சம்பளமும் இறங்கும், போஸ்டரில் பெயரின் எழுத்தும் சின்னதாகும்.

இந்தியாவின் விருதுப் பட்டியலையும் ஒருக்காப் பார்ப்பம். திரைப்படத் துறைக்கு அங்கே மிக உயர்ந்தது தாதாசாகேப் பால்கே விருது. 1969ஆம் ஆண்டுக்கான முதல் விருதே ஒரு நடிகைக்கு, தேவிகா ராணிக்கு. நல்ல தொடக்கம்தான். பிறகு 1973க்கு சுலோச்சனா, 1976க்கு கானன் தேவி, 1983க்கு துர்கா கோட்டே. அதோட நின்று போனது. அடுத்த நடிகை ஆஷா பரேக், 2020ஆம் ஆண்டுக்கு. அடுத்த வருசத்துக்கான விருது செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானுக்கு, 85 வயதில். பாடகிகளை விட்டு நடிகைகளை மட்டும் எண்ணினால் இந்த ஆறு பேர்தான். துர்கா கோட்டேக்கும் ஆஷா பரேக்குக்கும் நடுவில் 37 வருசம். தமிழ்ப் படங்களால் பேர் எடுத்தவர்களில் சிவாஜி கணேசனுக்கும் கே. பாலசந்தருக்கும் ரஜினிகாந்துக்கும் அந்த விருது கிடைத்தது. தமிழ்ப் படங்களால் பேர் எடுத்த ஒரு நடிகைக்கும் இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. ஆயிரம் படத்துக்கு மேல் நடித்த மனோரமா ஆச்சி 2015இல் 78 வயதில் போய்விட்டார். அவருக்கும் இல்லை. அவர் தொண்ணூறு வரைக்கும் இருந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும் எண்டு நினைக்கும்போதுதான் எங்களுக்குக் கோபம் வாறது.

சௌகார் ஜானகியின் கதையை இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. கலியாணம் முடித்து, கையில் குழந்தையோடு, குடும்பம் கஷ்டப்பட்டதால் வாய்ப்புக் கேட்டு வந்தவர். 1950இல் முதல் படம். அதுக்குப் பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் எண்டு நூற்றுக்கணக்கான படங்கள். பத்மஸ்ரீ கிடைத்தது 2022இல், 90 வயதில். வைஜயந்திமாலாவுக்குப் பத்மஸ்ரீ 1968இல் வந்தது, பத்மவிபூஷண் 2024இல், அவரும் தொண்ணூறில். அந்த வயதிலும் மேடையில் ஆடிக்கொண்டிருந்தவர். இந்த ரெண்டு பேரும் மேடை ஏறி விருது வாங்கிய காட்சியைப் பார்க்க எங்களுக்கும் சந்தோசமாக இருந்தது. ஆனால் எழுபத்தைந்து வயதில் காலமாகியிருந்தால் சௌகார் ஜானகியின் நடிப்பு என்ன, குறைந்து போயிருக்குமா?

பாடகி வாணி ஜெயராமுக்கு 2023 ஜனவரி 25ஆம் திகதி பத்மபூஷண் அறிவித்தார்கள். பெப்ரவரி 4ஆம் திகதி அவர் இறந்து போனார். பத்து நாள். பதக்கத்தைக் கையில் வாங்க இருக்கவில்லை.

இன்னொரு கதை ஸோஹ்ரா சேகலுடையது. 1912இல் பிறந்தவர், ஆட்டக்காரி, நாடகக்காரி, நடிகை. தொண்ணூறு தாண்டியும் கமெராவுக்கு முன்னால் நின்று குறும்பு செய்தவர். 97 வயதில் பத்மவிபூஷண். 2014இல் 102 வயதில் மறைந்தார். படி ஏற முடியாத வயதில் தரைத்தளத்தில் ஒரு அரச வீடு கேட்டிருந்தார், அது கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை எண்டு அவர் மறைந்த பிறகு செய்திகள் வந்தன. நாங்கள் இந்த விசயத்தைத் தங்களுக்குள்ள கதைத்தபோது எல்லாருக்கும் தொண்டையில் சிக்கினது இந்தக் கதைதான். நாட்டின் இரண்டாவது பெரிய விருது வீட்டுக்கு வாறது. கீழ்மாடி வீடு வரவில்லை. மரியாதை எண்டால் என்ன எண்டு நாங்கள் கேட்கிறதுக்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

சரி, நீண்ட நாள் இருந்தவர்களின் கதை இது. இல்லாமல் போனவர்கள்?

மன்னாரில் வயசான ஆக்களுக்கு 1964 டிசம்பர் புயல் நல்ல ஞாபகம். கடலுக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனது, இந்தப் பக்கம் எங்கட தீவையும் உலுப்பினது. அந்த நாட்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இராமேஸ்வரத்தில் இருந்தார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம் எண்டே சொல்லலாம். புயலில் தப்பிய சாவித்திரி 1981இல், ஐம்பது வயதைக் காணாமல், ஒன்றரை வருசத்துக்கு மேல் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்தார். சொத்தெல்லாம் போய், பழகின ஆக்களும் விலகின பிறகு. இந்தியத் தபால் திணைக்களம் அவருக்கு முத்திரை வெளியிட்டது 2011இல். இறந்து முப்பது வருசம். ‘நடிகையர் திலகம்’ எண்டு பட்டம் கொடுத்த சனத்திடம் அவருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை போல.

எங்கட நாட்டிலும் ஒரு சாவித்திரி இருந்தார். ருக்மணி தேவி. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மாவாகப் பிறந்தவர். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படம் ‘கடவுனு பொறொந்துவ’வின் கதாநாயகி. இலங்கைச் சினிமாவின் முதல் நட்சத்திரமே ஒரு தமிழ்ப் பெண் எண்டு சொன்னால் எங்கட வகுப்பிலேயே பாதிப்பேர் நம்பவில்லை. 1978 ஒக்டோபரில், மாத்தறையில் இசை நிகழ்ச்சி ஒன்றில் பாடிவிட்டு இரவோடு இரவாகத் திரும்பும்போது வாகன விபத்தில் இறந்தார். 55 வயது. நாட்டின் முதல் நட்சத்திரம், ஐம்பத்தைந்து வயதில், இரவுப் பயணம் போய்ப் பாடி உழைத்துக்கொண்டிருந்தவர். அவர் 90 வரைக்கும் இருந்திருந்தால் 2013. எத்தனை பொன்னாடை போர்த்தியிருப்பார்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இப்ப எங்கட வாதத்தை நேராகச் சொல்லுறம். விருதைக் கடைசிக் காலத்துக்கு எண்டு தள்ளி வைக்கிற வழக்கம், ஆயுளுக்குக் கொடுக்கிற பரிசாகத்தான் முடியும். ஆயுள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கிறதில்லை. கையில் கொஞ்சம் காசு, கடன் இல்லாத வீடு, பார்க்க ஆள், மருந்துக்கு வழி, தொழிலில் தன் சொல்லுக்கு மதிப்பு, இதெல்லாம் இருக்கிற பெண்ணுக்கு நீண்ட காலம் இருக்க வாய்ப்புக் கூட. ஒலிவியா டி ஹவிலண்ட் 1943இல் வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டவர். ஏழு வருச ஒப்பந்தத்தை, வேலை செய்யாத நாட்களைக் கூட்டிக் கூட்டி நீட்டிக்கொண்டு போக முடியாது எண்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் கலிபோர்னியாவில் அதை அவருடைய பெயரால்தான் சொல்லுகிறார்கள். வழக்கு நடந்தபோது கிட்டத்தட்ட இரண்டு வருசம் அவருக்குப் படமே இல்லை. அதுக்குப் பிறகு தானே தெரிவு செய்த படங்களுக்காக இரண்டு ஒஸ்கார் வாங்கினார். வழக்குப் போட்டதால் 104 வயது வரைக்கும் இருந்தார் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. தன் உழைப்பின் பிடி தன் கையில் இருந்தவருக்கும், அது கடைசி வரைக்கும் மற்றவர்களின் கையில் இருந்தவருக்கும் முதுமை ஒரே மாதிரி வாறதில்லை எண்டுதான் சொல்லுறம்.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும் எண்டு தெரியும். முதலாவது, ‘காலம்தான் நல்ல நீதிபதி, ஒரு கலைஞரின் வேலை நின்று பிடிக்குதா எண்டு பார்க்க வருசங்கள் வேணும்’ என்பது. நல்ல வாதம். ஆனால் அந்த நீதிபதி ஆண்களுக்கு இவ்வளவு காலம் எடுக்கிறதில்லையே. எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் அவர்களின் நடுவயதிலேயே சனம் தூக்கிக் கொண்டாடியது. காலம் வேணும் எண்டால் பதினைந்து வருசம் போதும். அறுபது வருசம் எதுக்கு?

இரண்டாவது மறுப்பு எங்கட ஊரில் இருந்தே வரும். ‘கனியமண், காற்றாலை எண்டு மன்னார் தீவே கொந்தளிச்சுக்கொண்டு கிடக்கு, உங்களுக்கு நடிகைமாரின் விருதுதான் பிரச்சினையோ?’ எண்டு. நியாயமான கேள்வி. எங்கட பதில், இந்தக் கணக்கு எங்கட கரையிலயும் ஓடுது என்பதுதான்.

1978இல் ‘வாடைக்காற்று’ எண்டு ஒரு தமிழ்ப் படம் வந்தது. செங்கை ஆழியானின் நாவல், பிரேம்நாத் மொறாயஸ் இயக்கம். கதை நெடுந்தீவுக் கதை. படம் பிடித்தது எங்கட பேசாலைக் கடற்கரையில். வாடியும் வள்ளமும் வலையும் எங்கட ஊர்க்காரரின் உழைப்பும் அதில் பதிந்து கிடக்குது. அதில் நடித்த ஆனந்தராணி பிறகு லண்டன் போய், பாலேந்திராவோடு சேர்ந்து தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகத்தின் நாடகங்களில் பல பத்தாண்டுகளாக நடித்து வருகிறார். சினிமா போலில்லாமல் நாடக மேடை ஒரு பெண்ணை வயது போகப் போகவும் வைத்திருக்கும் என்பதுக்கு அவர் நல்ல சாட்சி. ஆனால் பேசாலையில் பிறந்து வளர்ந்த எங்கட வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் படத்தைத் தெரியும்? அதை முழுதாகப் பார்த்த ஒருவரை எங்கட வட்டத்தில் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

கூத்துக்கு வருவம். மன்னார் எண்டால் நாட்டுக்கூத்து. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘ஞானசவுந்தரி’, ‘மூவிராசாக்கள்’ எண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பதிப்பித்ததால் இந்த நாடகங்களின் பெயர் பல்கலைக்கழகம் வரைக்கும் வந்தது. ஞானசவுந்தரி கதையே ஒரு பெண்ணின் கதை. கை வெட்டுப்பட்டு, காட்டுக்கு அனுப்பப்பட்டு, பிள்ளையோடு அலைந்து, கடைசியில் மீண்டு வாற பெண். அந்த வேடத்தைக் காலம் காலமாக ஆடினது ஆண்கள். பெண்கள் மேடைக்குக் கீழே பாயில் இருந்து அழுதவர்கள். உடுப்புத் தைத்தது, மணி கோர்த்தது, விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றியது, மகனுக்கு வரி மறந்தால் வீட்டில் பாடிக் காட்டியது எல்லாம் அவர்கள்தான். தவக்காலத்தில் வியாகுலம் பாடுகிற குரல்களும் அவர்களுடையதே. ஒரு கூத்தை முழுதாகப் பாடம் வைத்திருக்கிற அம்மம்மாமார் எங்கட குடும்பங்களிலேயே இருக்கினம். ஆனால் பொன்னாடை அண்ணாவியாருக்கும் ராசா வேடக்காரருக்கும் மட்டும்தான் போகும். அவர்கள் அதுக்குத் தகுதியானவர்கள்தான். பட்டியல் அதோட முடிகிறதுதான் பிரச்சினை.

பிறகு பெண்களும் மேடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூட நாடகம், பங்குத் திருநாள் நாடகம், விழிப்புணர்வு வீதி நாடகம் எண்டு. ‘குமர்ப்பிள்ளை ஆடப் போறதோ’ எண்ட பேச்சைத் தாண்டி வந்தவர்கள். கலியாணத்தோட நிறுத்தியவர்கள்தான் கூட. அவர்களில் மூத்தவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயது.

இலங்கையில் அரசு கொடுக்கிற கலாபூஷணம் விருதுக்கு அறுபது வயது தாண்டியிருக்க வேணும். விண்ணப்பம் நிரப்ப வேணும். செய்த கலைப்பணிக்கு அத்தாட்சி காட்ட வேணும். சான்றிதழ், அழைப்பிதழ், பத்திரிகைத் துண்டு, படம். இதெல்லாம் ஒரு அரச நடைமுறைக்குத் தேவையானதுதான் எண்டு மேலோட்டமாகப் பார்த்தால் தெரியும். ஆனால் எங்கட மாவட்டத்துப் பெண் ஒருவரிடம் போய் இதைக் கேட்டுப் பாருங்கோ. 1990இல் ஒரு இடப்பெயர்வு. பிறகு மடு, பிறகு வன்னி, இல்லாட்டி வள்ளம் ஏறி இராமேஸ்வரம், மண்டபம் முகாம். எருக்கலம்பிட்டி, முசலிப் பக்கத்து முஸ்லிம் சனத்துக்குச் சில நாளுக்குள்ளேயே எல்லாத்தையும் விட்டுப் போக வேண்டி வந்தது. ஓடுகிறபோது பிள்ளையைத் தூக்குவார்களா, அல்பத்தைத் தூக்குவார்களா? ஒரு ஒப்படைக்காக நாங்கள் சில ஊர்களில் வயசான பெண்களோடு கதைத்தோம். ஆடினதுக்கு ஆதாரம் என்ன எண்டு கேட்டபோது ஒரு அம்மம்மா சிரித்துக்கொண்டு, ஊரில் மிச்சம் இருக்கிற கிழவிகள்தான் ஆதாரம் எண்டு சொன்னா. அதோட, அழைப்பிதழில் அந்தக் காலத்தில் பெண்களின் பெயர் போடுகிற வழக்கமும் இல்லை. ‘மற்றும் பலர்’ என்பதுக்குள்ளதான் அவர்கள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அச்சில் வராத பெயருக்கு எந்த அலுவலகத்தில் அத்தாட்சி எடுக்கிறது?

ஆக, ஹொலிவூட்டில் ஒரு நடிகை தொண்ணூறு வயது வரைக்கும் இருந்தால் விருது. எங்கட கரையில் அறுபது வரைக்கும் இருந்தாலும் போதாது, அவருடைய கடதாசிகளும் அறுபது வருசம் தப்பியிருக்க வேணும். யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி, வெள்ளம் எல்லாத்தையும் தாண்டி ஒரு மனுசி தப்பி வந்ததே பெரிய காரியம். அவளின் கடதாசியும் தப்பி வரவேணும் எண்டு கேட்கிறது அநியாயம்.

அப்ப என்ன செய்யலாம்? அரசாங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறது லேசு. எங்களால் செய்யக்கூடியதையும் சேர்த்துச் சொல்லுறம்.

முதலாவது, ஊரில் கலைஞர் கௌரவிப்பு வைக்கிற கழகங்களும் பங்குச் சபைகளும் பாடசாலைகளும் வயதுக் கணக்கை விட வேணும். நாற்பது வயதில் நன்றாக நடிக்கிற பெண்ணுக்கு நாற்பதில் கௌரவம் கொடுங்கோ. அந்த மரியாதையைக் காட்டி அவள் வீட்டில் இன்னும் பத்து வருசம் ஆட அனுமதி வாங்கலாம். எண்பது வயதில் கொடுக்கிற மாலையால் அப்படி ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டாவது, அத்தாட்சி விசயம். கடதாசி இல்லாதவர்களுக்கு ஊர்ச் சாட்சியை ஏற்க வேணும். ஒன்றாக ஆடினவர்கள், அண்ணாவியார், பங்குத்தந்தை, மௌலவி, பாடசாலை அதிபர் எண்டு நாலு பேர் கையெழுத்து வைத்தால் போதும் எண்டு ஒரு வழி இருந்தால் எத்தனையோ பெண்களின் பெயர் வெளியில் வரும். காணி உறுதி தொலைந்தவர்களுக்குச் சாட்சி கேட்கத் தெரிந்த நாடு, கலைக்கும் கேட்கலாம்.

மூன்றாவது, பொன்னாடையோடு சேர்த்து ஸோஹ்ரா சேகலின் கீழ்மாடி வீட்டையும் நினைவில் வைக்க வேணும். ஒரு மூத்த கலைஞருக்கு உண்மையில் என்ன தேவை எண்டு அவரிடமே கேளுங்கோ. கண்ணாடி, முழங்கால் வலிக்கு மருந்து, கிளினிக் போக ஓட்டோக் காசு, கழிவறைக்குப் பிடிகம்பி. நினைவுச் சின்னத்துக்குச் செலவழிக்கிற காசில் இதில் பாதி முடியும்.

நாலாவது எங்கட வேலை. எங்கட கைகளில் இருக்கிற போன் போதும். பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, விடத்தல்தீவு, முருங்கன், எருக்கலம்பிட்டி எண்டு எங்கட எங்கட ஊரில் ஆளுக்கு ஒரு மூத்த பெண்ணிடம் போவம். கூத்துப் பாட்டு, வியாகுலம், நாடக வசனம், தாலாட்டு, எது ஞாபகத்தில் இருக்குதோ அதைப் பதிவு செய்வம். பெயர், பிறந்த ஊர், எந்த வருசம் எந்த வேடம், ஆர் பழக்கினது எண்டு ஒரு கொப்பியில் எழுதுவம். எழுதினதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரி எண்டு சொன்ன பிறகு, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே வைப்பம். விண்ணப்பம் நிரப்புகிற நாள் வந்தால் அதுவே அத்தாட்சியாகும். விண்ணப்பிக்க விருப்பம் இல்லை எண்டு அவர் சொன்னாலும் பரவாயில்லை, பேரப்பிள்ளைகளுக்கு இருக்கும்.

அடுத்த தவக்காலம் தொடங்குவதுக்கு முதல் பத்துப் பேரின் பதிவையாவது முடிக்க வேணும் எண்டு நாங்கள் நினைச்சிருக்கிறம். உங்கட வீட்டில், உங்கட ஒழுங்கையில், ஒரு காலத்தில் ஆடின, பாடின, நடித்த ஒரு அம்மா இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ. எங்களுக்குச் சொல்ல நேரமில்லை எண்டால் நீங்களே போய் இருந்து கேளுங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் நல்லது, வெயில் தணிந்திருக்கும், அவையளும் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு ஆறுதலாகக் கதைப்பினம்.